தவளைக் கால், பத்து வருட நோட்டு, ஒரு சத்தியப் பிரமாணம்... வேலையா, விசுவாசமா எனக் கேட்டபோது கால்வானி என்ன செய்தார்?

உங்கள் வீட்டில் பழைய தண்ணீர்க் குழாய் இருந்தால், பிளம்பர் அதை 'ஜி.ஐ. பைப்' என்பார். அந்த 'ஜி'க்கு என்ன விரிவு என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? 'கால்வனைஸ்டு'. ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரியில் 'கால்வானிக் மின்கலம்' என்று ஒரு படத்தை நாலு தடவையாவது வரைந்திருப்பீர்கள். பிசிக்ஸ் லேபில் முள் ஆடுகிற ஒரு பெட்டி இருக்கும், கால்வனோமீட்டர். மூன்றுக்கும் பின்னால் ஒரே ஆள்தான் இருக்கிறார். இத்தாலியின் போலோன்யா நகரத்து டாக்டர், லூயிஜி கால்வானி.

பெயர் இவ்வளவு இடத்தில் ஒட்டியிருக்கிறதே, மனுஷன் ராஜா மாதிரி வாழ்ந்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. சாகும்போது அவரிடம் வேலை இல்லை. சம்பளம் இல்லை. மனைவி முன்பே போய்விட்டார், குழந்தைகளும் கிடையாது. வாழ்நாளில் செய்த ஆகப்பெரிய கண்டுபிடிப்பையே தப்பு என்று பெரிய பெரிய ஆட்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வேலை போனதற்குக் காரணம் தவளையும் அல்ல, மின்சாரமும் அல்ல. ஒரு சத்தியப் பிரமாணம். சில வரிகளைச் சொல்லி உறுதி கொடுத்திருந்தால் போதும், முப்பது வருட உத்தியோகம் அப்படியே இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதைப் புரிந்துகொள்ள அவர் விட்டுச்சென்ற காகிதங்களைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். அதற்கு முன், ஆள் யார் என்று பார்த்துவிடலாம்.

பொற்கொல்லர் வீட்டுப் பையன்

1737 செப்டம்பர் 9-ம் தேதி போலோன்யாவில் பிறந்தார் கால்வானி. அப்பா டொமெனிகோ, நகைத் தொழில் செய்தவர். அம்மா பார்பரா, அப்பாவின் நான்காவது மனைவி. அப்போது இத்தாலி என்று ஒரு நாடே கிடையாது. துண்டு துண்டாகப் பல அரசுகள். போலோன்யா, ரோமில் இருந்த போப்பின் ஆட்சிக்கு உட்பட்ட ஊர். அதாவது, அந்த ஊர்க்காரர்களுக்குப் போப் மதத்தலைவர் மட்டுமல்ல, ராஜாவும் அவர்தான். இந்த விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

டீன் ஏஜில் கால்வானிக்கு டாக்டர் ஆகும் எண்ணமெல்லாம் இல்லை. துறவற சபையில் சேர்ந்துவிட வேண்டும் என்பதுதான் ஆசை. வீட்டில் விடவில்லை. பேசிப் பேசிப் பையனை மருத்துவம் படிக்க அனுப்பினார்கள். 1759-ல் போலோன்யா பல்கலைக்கழகத்தில் மருத்துவம், தத்துவம் இரண்டிலும் பட்டம் வாங்கினார். ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகம் அது.

துறவியாகவில்லையே தவிர, அந்த ஆசை அவரை விட்டுப் போகவும் இல்லை. புனித பிரான்சிஸ் அசிசியாரின் வழியில் 'மூன்றாம் சபை' என்று ஒன்று உண்டு. குடும்பம், வேலை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே எளிமையாக, ஜெபத்தோடு வாழ்கிறோம் என்று பொறுப்பேற்கிறவர்களுக்கானது. கால்வானி அதில் உறுப்பினர். ஏழை நோயாளிகளிடம் அவர் காசு வாங்கியதில்லை என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

படித்து முடித்ததும் உடற்கூறியல் ஆசிரியர் ஆனார். எலும்பு பற்றி ஆய்வுரை, பறவைகளின் சிறுநீரகம், பறவைகளின் காது என்று ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். காது விஷயத்தில் ஒரு கசப்பும் உண்டு. இவர் மெதுவாகச் செய்துகொண்டிருக்க, அன்டோனியோ ஸ்கார்ப்பா என்ற இளம் மருத்துவர் அதே விஷயங்களில் பலவற்றை 1772-ல் அச்சிட்டுவிட்டார். தன்னுடையதை 1783-ல்தான் வெளியிட்டார் கால்வானி. பதினோரு வருஷ லேட்! இன்றைய ஆராய்ச்சி மாணவர் யாராவது இதைப் படித்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். ஆனால், இவர் பாடம் கற்றுக்கொண்டு வேகமாகிவிட்டாரா என்றால், அதுவும் இல்லை.

இன்னொரு விஷயமும் சொல்லணும். அந்தக் காலத்து போலோன்யாவில் அறிவியலில் பெண்கள் இருந்தார்கள். லாரா பாஸ்ஸி பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தார், வீட்டிலேயே ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். அன்னா மொராண்டி மன்சோலினி மனித உடலின் பாகங்களை மெழுகில் தத்ரூபமாகச் செய்தார். அந்த மெழுகு உருவங்கள் மாணவர்களுக்கு எவ்வளவு பயன் என்று 1777-ல் கால்வானி ஒரு சொற்பொழிவே ஆற்றி, அதை அச்சிலும் கொண்டுவந்தார்.

லூசியா

1760-களின் தொடக்கத்தில் கால்வானிக்குக் கல்யாணம். மனைவி லூசியா, அவருடைய பேராசிரியர் கலேயாட்ஸியின் மகள். மாமனார் வீட்டிலேயே குடித்தனம். 1775-ல் மாமனார் இறந்த பிறகு அவருடைய இடத்துக்கு மருமகன் வந்தார்.

லூசியா படித்தவர், லத்தீன் தெரிந்தவர். கணவரின் எழுத்துகளைத் திருத்திக் கொடுத்தவர். ஆய்வுகள் நடந்தது வீட்டில். அதனால், கூட நின்று பார்த்தவர்களில் மனைவியும் ஒருவர், அண்ணன் தம்பி, அக்கா தங்கை வழிப் பையன்களும் உண்டு. கமில்லோ கால்வானி, ஜொவான்னி அல்தினி என இரண்டு பேரின் பெயர்கள் இந்தக் கதையில் முக்கியம். இப்போது மாதிரி தனி லேப், தனி கிராண்ட் எல்லாம் கிடையாது. ஒரு குடும்பமே சேர்ந்து தவளையை வைத்து மண்டையை உடைத்துக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

லூசியாவுக்கு ஆஸ்துமா. அவருக்குத் தவளை சூப் வைக்கத் தோலுரித்த தவளையின் கால் தற்செயலாகத் துள்ளியது, அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது என்று ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், கால்வானியின் நோட்டைப் பார்த்தால் அந்தக் கதை நிற்காது.

நோட்டைத் திறந்தால்...

கால்வானியின் ஆய்வுக் குறிப்புகள் இன்றும் போலோன்யா அறிவியல் கழகத்தில் இருக்கின்றன. வெளியிட்ட நூல் லத்தீனில். நோட்டு மட்டும் இத்தாலிய மொழியில். மின்சாரமும் தவளையும் பற்றிய குறிப்புகளில் நமக்குக் கிடைத்திருக்கும் முதல் தேதி, 1780 நவம்பர் 6. அந்தப் பக்கத்தில் முன்னுரையோ பெரிய அறிவிப்போ எதுவும் இல்லை. வழக்கம்போலத் தவளையைத் தயார் செய்ததாக நேரடியாக ஆரம்பிக்கிறது. 'வழக்கம்போல' என்றால், அதற்கு முன்பே பல தவளைகள் போயிருக்கின்றன என்று அர்த்தம். சூப் தற்செயல் இல்லை, மேஜை போட்டு உட்கார்ந்த வேலை.

'தயார் செய்த தவளை' என்பது என்ன? கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். தவளையின் மேல் பாதியை வெட்டி நீக்கி, கால்களைத் தோலுரித்து, முதுகெலும்பின் ஒரு துண்டும் அதிலிருந்து கால்களுக்குப் போகும் இரண்டு நரம்புகளும் மட்டும் தெரியும்படி வைப்பது. நரம்பில் ஏதாவது நடந்தால் கால் உதறும். அவ்வளவுதான் கருவி.

கேள்வி இது. மூளை நினைக்கிறது, கை அசைகிறது. நடுவில் நரம்பு வழியாகப் போவது எது? ஏதோ கண்ணுக்குத் தெரியாத திரவம் என்று ஆயிரம் வருடத்துக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது மின்சாரமாக இருக்குமோ என்று சிலருக்குச் சந்தேகம். தவளைத் தசை மின்சாரத்துக்குத் துடிக்கும் என்பதை போலோன்யாவிலேயே லெயோபோல்டோ கால்தானி 1750-களில் காட்டியிருந்தார். ஆனால், வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் துடிப்பது வேறு, உடம்புக்குள்ளேயே மின்சாரம் இருப்பது வேறு இல்லையா?

1781 ஜனவரி 26-ம் தேதியிட்ட குறிப்பு முக்கியமானது. மேஜையில் தவளை. கொஞ்சம் தள்ளி, கையால் சுற்றி உராய்வில் மின்சாரம் உண்டாக்கும் மெஷின். இரண்டுக்கும் நடுவே கம்பி எதுவும் இல்லை. ஒருவர் கத்தி நுனியால் தவளையின் நரம்பைத் தொட்டார். சரியாக அதே நேரத்தில் இன்னொருவர் மெஷினிலிருந்து ஒரு தீப்பொறியை இழுத்தார். கால் உதறியது! தீப்பொறி வரும்போதுதான் கால் உதறுகிறது என்பதை முதலில் கவனித்தது லூசியாதான் என்று ஒரு பேச்சு தலைமுறை தலைமுறையாக உண்டு.

நீங்களோ நானோ இருந்தால் அன்று ராத்திரியே ஊரைக் கூட்டியிருப்போம். கால்வானி மறுபடி தொட்டுப் பார்த்தார். சில சமயம் உதறியது, சில சமயம் உதறவில்லை. ஏன்? கத்தியைப் பார்த்தார். கைப்பிடி எலும்பால் ஆனது. எலும்பை மட்டும் பிடித்துக்கொண்டு தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை. விரல் உலோகத்தில் பட்டால் கால் உதறியது. சந்தேகம் தீரக் கண்ணாடிக் குச்சியால் தொட்டார், ஒன்றுமில்லை. இரும்புக் குச்சியால் தொட்டார், உதறியது. இப்படியே நாட்கள், மாதங்கள், வருடங்கள். காலையில் வகுப்பு, நோயாளிகள். 1782-லிருந்து பிரசவ மருத்துவமும் கற்றுக்கொடுத்தார். நடுநடுவே தவளை.

நரம்பில் இருக்கும் விசை பற்றி 1782-லேயே ஒரு கட்டுரை எழுதிவிட்டார். அச்சுக்குக் கொடுத்தாரா? இல்லை. எழுதி, உள்ளே வைத்துவிட்டார்.

பால்கனிக் கம்பியில் தவளைகள்

1786. இப்போது அவருக்கு வானத்து மின்சாரம் மேல் கண். வீட்டின் உச்சியில் நீளமான இரும்புக் கம்பியை நிறுத்தி, அதைத் தவளையின் நரம்போடு இணைத்தார். காலிலிருந்து இன்னொரு கம்பி கிணற்றுத் தண்ணீருக்குப் போனது. மின்னல் வெட்டும்போதெல்லாம் கால்கள் துடித்தன. இடிச் சத்தம் காதில் விழுவதற்கு முன்பே!

அந்த செப்டம்பரில், முதுகெலும்பில் உலோகக் கொக்கி மாட்டிய தவளைகளைப் பால்கனியின் இரும்புக் கிராதியில் தொங்கவிட்டார். மழை மேகம் இல்லை, மின்னல் இல்லை, வானம் அமைதி. வெகுநேரம் காத்திருந்தும் ஒன்றும் நடக்கவில்லை. சலித்துப்போய்க் கொக்கியைக் கிராதியோடு அழுத்திப் பார்த்தார். கால்கள் துள்ளின.

வீட்டுக்குள் போய், மூடிய அறையில், உலோகத் தட்டின் மேல் வைத்துச் செய்தார். அங்கேயும் துள்ளல். மின்னலும் இல்லை, மெஷினும் இல்லை. அப்படியானால் மின்சாரம் எங்கிருந்து வந்தது? தவளைக்குள்ளிருந்துதான் என்று முடிவுக்கு வந்தார். தசை என்பது, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் லெய்டன் ஜாடி மாதிரி. நரம்பு அதன் கம்பி. உலோகம் வெறும் இணைப்பு. இதற்கு 'விலங்கு மின்சாரம்' என்று பெயர்.

அக்டோபர் 30-ம் தேதி அதை எழுதி முடித்தார். மறுபடியும் அச்சுக்குப் போகவில்லை. நூல் வெளிவந்தது 1791-ல். நோட்டின் முதல் பக்கத்திலிருந்து கணக்குப் போட்டால் பத்து வருடத்துக்கு மேல். பார்க்க லூசியா உயிரோடு இல்லை. மனைவிக்காகக் கால்வானி எழுதிய நினைவுரை ஒன்று அவருடைய காகிதங்களில் இருந்தது. நாற்பதுகளிலேயே போய்விட்டார் அந்த அம்மா. கால்வானி மறுமணம் செய்துகொள்ளவில்லை.

இந்தத் தாமதத்தை நான் முதலில் சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன். கூச்சமாகவும் இருக்கலாம், அவர் சண்டைக்குப் போகிற ஆள் இல்லை. ஆனால், பார்க்கப் பார்க்க வேறு ஒன்று தெரிகிறது. தனக்கு உறுதியாகத் தெரியாத ஒன்றை, உறுதி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க அந்த மனுஷனுக்கு முடியவில்லை. 1798-ல் நடந்தது தெரிந்த பிறகு இந்தப் பத்து வருடத்தை வேறு மாதிரி படிக்கத் தோன்றுகிறது.

வோல்டா வந்தார்

நூல் வெளியானதும் ஐரோப்பா முழுக்கத் தவளைகளுக்குக் கஷ்ட காலம். டாக்டர், பேராசிரியர், பொழுதுபோகாத பிரபு என்று கையில் தவளையும் இரண்டு உலோகத் துண்டும் கிடைத்த எல்லோரும் செய்துபார்த்தார்கள். பாவியா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டாவும் 1792-ல் செய்துபார்த்தார். முதலில் வியந்து பாராட்டினார். பிறகு சந்தேகப்பட்டார்.

வோல்டா கவனித்தது இதுதான். ஒரே உலோகத்தைவிட இரண்டு வேறு வேறு உலோகங்களை வைத்தால் துள்ளல் பலமாக இருக்கிறது. அப்படியானால், மின்சாரம் பிறப்பது இரண்டு உலோகங்கள் சேரும் இடத்தில். தவளை வெறும் ஈரமான பொருள். அதிகபட்சம் மின்சாரத்தைக் காட்டிக்கொடுக்கும் நுட்பமான மீட்டர். பால்கனியில் இருந்த கொக்கி ஒரு உலோகம், கிராதி இன்னொன்று. முடிஞ்சது கதை!

இதை மதம் எதிர் அறிவியல் என்று நினைத்துவிடாதீர்கள். வோல்டாவும் பக்தியுள்ள கத்தோலிக்கர்தான். இது இரண்டு நல்ல ஆய்வாளர்களின் சண்டை. கால்வானியின் தரப்பில் மேடையேறிச் சத்தமாகப் பேசியது அவருடைய சகோதரியின் மகன் அல்தினி. மாமா பதிலை ஆய்வில் தேடினார்.

1794-ல் ஒரு நூல் வந்தது. ஆசிரியர் பெயர் இல்லை. கால்வானியின் வேலை அது. உலோகமே இல்லாமல், வெட்டிய நரம்பின் நுனியை நேராகத் தசை மேல் விழச் செய்தால் கால் துள்ளுகிறது என்று அதில் காட்டியிருந்தார். வோல்டா விடவில்லை. நரம்பும் தசையும் இரண்டு வெவ்வேறு பொருள்கள்தானே, உலோகத்துக்குச் சொன்னது அதற்கும் பொருந்தும் என்றார். 1797-ல் கால்வானி அதற்கும் வழி கண்டுபிடித்தார். இரண்டு தவளைக் கால்களை எடுத்து, ஒன்றின் நரம்பை இன்னொன்றின் நரம்பில் தொடவைத்தார். நரம்பும் நரம்பும். வேறு பொருளே இல்லை. கால் துள்ளியது.

விலங்கு உடலில் தனக்கென மின்சாரம் உண்டு என்பதற்கு அதைவிடச் சுத்தமான நிரூபணம் அந்தக் காலத்தில் கிடையாது. ஆனால், கேட்கத்தான் பெரிதாக ஆள் இல்லை.

இடையில் ஒரு பயணம். 1795-ல், 57 வயதில், அட்ரியாட்டிக் கடற்கரைக்குப் போனார். கடித்தால் அல்ல, தொட்டாலே ஷாக் அடிக்கும் மின் திருக்கை மீனை உயிரோடு பிடித்து ஆராய. அங்கே வைத்திருந்த கையடக்க நோட்டும் மிஞ்சியிருக்கிறது. மீனின் மூளையிலிருந்து வரும் நரம்புகளுக்கும் அந்த ஷாக்குக்கும் என்ன தொடர்பு என்று தேடியிருக்கிறார். அவருடைய காகிதங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இந்தச் சின்ன நோட்டுதான். ஊரில் எல்லோரும் தன்னைத் தப்பு என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, மனைவியை இழந்த ஒரு மனிதர் மீனவர்களோடு பேசி மீன் வாங்கிக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்த உறுதிமொழி

1796 கோடையில் நெப்போலியனின் படை போலோன்யாவுக்குள் வந்தது. போப்பின் ஆட்சி போனது. அடுத்த வருடம் வட இத்தாலியில் பிரெஞ்சுக்காரர்கள் 'சிசால்பைன் குடியரசு' என்ற புது அரசை அமைத்தார்கள். அதிலும் நல்லது இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பிரபுக்களின் சலுகைகள் போயின, புதிய அரசியலமைப்பு வந்தது. பல படித்தவர்கள் மனதார வரவேற்றார்கள்.

1798-ல் ஓர் உத்தரவு. அரசுச் சம்பளம் வாங்கும் பேராசிரியர்கள் எல்லோரும் உறுதிமொழி எடுக்க வேண்டும். அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பேன் என்பது மட்டும் இருந்திருந்தால் கால்வானி என்ன செய்திருப்பாரோ... மன்னராட்சியின் மீது, பிரபுக்களின் ஆட்சியின் மீது என்றென்றும் வெறுப்போடு இருப்பேன் என்றும் அதில் இருந்தது.

ஆரம்பத்தில் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது. அவர் பிறந்து வளர்ந்த ஊரின் ராஜா போப். கடவுளின் பெயரால் எடுப்பதுதான் சத்தியம் என்று நம்புகிறவர் அவர். வெறுக்காத ஒன்றை வெறுக்கிறேன் என்று அவர் எப்படிச் சத்தியம் செய்வார்?

நம்ம ஆபீஸ் கணக்கில் யோசித்துப் பாருங்கள். ஹெச்.ஆர். அனுப்பும் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே எத்தனை தடவை 'ஐ அக்ரி' அமுக்கியிருக்கிறோம்! நிறைய பேராசிரியர்கள் அப்படித்தான் செய்தார்கள். வாய் சொல்லும், மனசு அது பாட்டுக்கு இருக்கும். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, பிள்ளைகுட்டி இருக்கும், அடுப்பு எரிய வேண்டும். கால்வானி மறுத்தார். அவர் மட்டும் அல்ல. கிரேக்கப் பேராசிரியை க்ளோதில்டே தம்ப்ரோனி, பல மொழிகள் பேசி உலகப் புகழ்பெற்ற ஜுசெப்பே மெட்ஸோஃபான்டி ஆகியோருக்கும் அதே கதிதான்.

ஏப்ரலில் வேலை போனது. பல்கலைக்கழகப் பதவியும் போச்சு, அறிவியல் நிறுவனத்தின் பதவியும் போச்சு. வயது 60. சம்பளம் நின்றதும் சகோதரர் ஜாக்கோமோவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். உடம்பு ஏற்கெனவே சரியில்லை.

எதிர்த்து அறிக்கை விட்டதாகவோ கலகம் செய்ததாகவோ எதுவும் இல்லை. கட்சியில் சேரவில்லை. அமைதியாக வீட்டில் இருந்தார். இவ்வளவு பெயர் பெற்ற மனிதரை இப்படி விடக்கூடாது என்று நண்பர்கள் பேசினார்கள். அரசும் கடைசியில் இறங்கி வந்தது. அவருக்கு மட்டும் விலக்கு, உறுதிமொழி இல்லாமலே திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அது நடைமுறைக்கு வருவதற்குள், 1798 டிசம்பர் 4-ம் தேதி, 61 வயதில் கால்வானி இறந்துவிட்டார்.

பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையின் உடையில் அவரை அடக்கம் செய்தார்கள்.

ஜெயித்தது யார்?

பதினைந்து மாதங்கள் கழித்து, 1800 மார்ச்சில் வோல்டா லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். வெள்ளி, துத்தநாகத் தட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கி, நடுவே உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டையை வைத்தால் மின்சாரம் நிற்காமல் ஓடுகிறது. உலகின் முதல் பேட்டரி. தவளையே தேவையில்லை! அடுத்த வருடம் பாரீஸில் நெப்போலியனுக்கு முன்னால் செய்துகாட்டினார். பதக்கம் கிடைத்தது, பிறகு பிரபுப் பட்டமும் கிடைத்தது. உங்கள் கையில் இருக்கும் மொபைலின் பேட்டரிக்கு அவர்தான் கொள்ளுத்தாத்தா.

அல்தினி வேறு பாதையில் போனார். 1803-ல் லண்டனில், தூக்கிலிடப்பட்ட கைதி ஒருவரின் உடலுக்கு பேட்டரி மின்சாரம் கொடுத்தார். தாடை நடுங்கியது, ஒரு கண் திறந்தது, கை உயர்ந்தது. பார்த்தவர்கள் ஆடிப்போனார்கள். 'கால்வனிசம்' பற்றிய இந்தப் பேச்சுதான் பின்னாளில் மேரி ஷெல்லியின் 'ஃப்ராங்கன்ஸ்டைன்' கதைக்கும் தூண்டுதல்களில் ஒன்று. மாமா இருந்திருந்தால் இந்த ஷோவுக்குச் சம்மதித்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

கால்வானியின் காகிதங்கள் அப்படியே கிடந்தன. நாற்பது வருடங்களுக்குப் பிறகுதான் போலோன்யா அறிவியல் கழகத்தின் கைக்கு வந்து, சில்வெஸ்ட்ரோ கெரார்டி என்ற இயற்பியலாளர் உட்கார்ந்து படித்தார். அச்சிடாமல் விட்டவற்றையும் சேர்த்து 1841-ல் நூலாக வெளியிட்டார்கள். எழுதி அடித்து, திரும்ப எழுதி, தேதி போட்டு வைத்த பக்கங்கள். அவர் பிறந்து 200 வருடம் ஆன 1937-ல் இன்னும் கொஞ்சம் வெளியே வந்தன. கடற்கரை நோட்டும் லூசியாவுக்கான நினைவுரையும் அப்போது வந்தவைதான்.

காகிதம் வெளியே வந்த அதே 1840-களில் அறிவியலும் கால்வானி பக்கம் திரும்பியது. இத்தாலியில் கார்லோ மத்தேயுச்சியும் ஜெர்மனியில் எமில் டு புவா-ரேமோனும் தசையிலும் நரம்பிலும் ஓடும் மின்சாரத்தை மீட்டர் வைத்தே அளந்தார்கள். அந்த மீட்டரின் பெயர் கால்வனோமீட்டர்! பால்கனிக் கிராதியைப் பொறுத்தவரை வோல்டா சொன்னது சரி, அங்கே வேலை செய்தது இரண்டு உலோகங்கள். நரம்போடு நரம்பைத் தொடவைத்த விஷயத்தில் கால்வானி சொன்னது சரி. 1952-ல் கணவாய் மீனின் பெரிய நரம்பை வைத்து ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அதன் உள்வேலையைச் சொன்னார்கள். சோடியம், பொட்டாசியம் அயனிகள் நரம்புச் சுவரின் உள்ளேயும் வெளியேயும் போய்வருவதால் உண்டாகும் மின்சாரம் அது.

டச்சு மருத்துவர் ஐந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதயத்தின் மின் துடிப்பைக் கோடாக வரைந்து காட்டியதும் ஒருவகைக் கால்வனோமீட்டரை வைத்துத்தான். அதுதான் ஈ.சி.ஜி. அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தால், முதலில் மார்பில் ஒட்டினார்களே, அது. உங்கள் ஸ்மார்ட் வாட்ச்சில் விரலை வைத்து முப்பது செகண்ட் காத்திருக்கிறீர்களே, அதுவும்.

போலோன்யாவில் கார்புஸ் டொமினி தேவாலயத்தில் கால்வானியும் லூசியாவும் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். லாரா பாஸ்ஸியின் கல்லறையும் அங்கேதான். கொஞ்ச தூரம் நடந்தால், அவர் உடற்கூறியல் வகுப்பு எடுத்த பழைய பல்கலைக்கழகக் கட்டடத்துக்கு எதிரில் 'கால்வானி சதுக்கம்'. 1879-ல் வைத்த வெள்ளைச் சிலை நிற்கிறது. கையில் ஒரு பலகை, அதன் மேல் தவளை. கால்வானி தலையைக் குனிந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.